ஏப்ரல் 23-க்கு ஆறு வரி

நாளிதழின் உள்பக்கத்தில், ராசிபலனுக்கும் வானிலைக்கும் இடையில், ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதை நிரப்புவது பல ஆண்டுகளாக என் பிழைப்பு. டெஸ்க்கில் இதைப் பெரிய வேலையாக யாரும் எண்ணுவதில்லை. கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால் முதலில் தூக்கப்படுவது இந்தப் பெட்டிதான். இடம் மிஞ்சினால் ‘இன்னும் இரண்டு தினம் சேர்த்துப் போடுங்க’ என்று நீட்டச் சொல்வதும் இதைத்தான். ஆனால் அச்சாகி வெளியே போனபின் இதற்கு இருக்கும் ஆயுள் தலையங்கத்துக்குக்கூட இல்லை. பள்ளிகளின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர்கள் மைக் முன் நின்று இதை வாசிக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொள்கிறார்கள். அடுத்த ஆண்டு அதே தேதியில் வேறொரு பத்திரிகை அப்படியே எடுத்துப் போடுகிறது. இவ்வளவு தூரம் போகிற எழுத்துக்கு ஒரு விதி வேண்டும் என்பது என் கட்சி. ஒரு நிகழ்வை ஒரு தேதியின் கீழ் போடுமுன், அந்தத் தேதி அதற்கு எப்படி வந்தது, யார் குறித்தது என்று விசாரிக்க வேண்டும்; விசாரித்ததை அதே வரியில் வாசகருக்குச் சொல்லிவிடவும் வேண்டும். விநோதமான தினங்களுக்கும் மகத்தான நிகழ்வுகளுக்கும் அளவுகோல் ஒன்றுதான். இப்படி விசாரிக்கும்போது பல சமயம் விநோத தினங்கள் நேராக நிற்கின்றன. பெரிய நிகழ்வுகள்தான் தடுமாறுகின்றன.

ஏப்ரல் 23-ஐ எடுத்துக்கொள்வோம். இந்த நாளுக்கு வரும் பட்டியல்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். உலகப் புத்தக, பதிப்புரிமை தினம். ஐ.நா. சபையின் ஆங்கில மொழி தினம். ஸ்பானிய மொழி தினமும் இதுவே. ஷேக்ஸ்பியர் பிறந்த நாளும் இறந்த நாளும். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் இறந்த நாள். ஜெர்மானிய பியர் தினம். அமெரிக்காவில் தேசிய பிக்னிக் தினம். துருக்கியில் குழந்தைகள் தினம். இயற்பியலாளர் மேக்ஸ் பிளாங்க் பிறந்தது 1858-இல், பாடகி எஸ்.ஜானகி பிறந்தது 1938-இல், சத்யஜித் ரே மறைந்தது 1992-இல். 1930-இல் பெஷாவரில் துப்பாக்கிச் சூடு. 1985-இல் கோகோ கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையை மாற்றுவதாக அறிவித்து, 79 நாட்களில் பழைய சுவைக்கே திரும்ப வேண்டிவந்த கதையின் தொடக்கம். 2005-இல் யூடியூப்பில் ஏறிய முதல் வீடியோ. கூடவே நம் சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பட்டியலில் ஒவ்வொன்றாக விரல் வைத்து ‘இது ஏன் இந்த நாளில்?’ என்று கேட்டால், எல்லாமே ஒரே தரத்து உண்மைகள் இல்லை என்பது தெரிந்துவிடும்.

இந்த நாளின் நாயகர்களாக வைக்கப்படும் ஷேக்ஸ்பியரையும் செர்வாண்டிஸையுமே பார்ப்போம். ஷேக்ஸ்பியர் எந்த நாளில் பிறந்தார் என்பதற்குப் பதிவு கிடையாது. ஸ்ட்ராட்ஃபோர்ட் தேவாலயப் பதிவேட்டில் இருப்பது 1564 ஏப்ரல் 26 அன்று ஞானஸ்நானம் பெற்றார் என்பது மட்டும். அதிலிருந்து மூன்று நாள் பின்னால் போய், அவர் இறந்த ஏப்ரல் 23-உடன் பொருந்தட்டும் என்று பிற்காலத்தார் பிறந்த நாளை அங்கே வைத்தார்கள். அது இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜார்ஜின் திருநாளும்கூட; தேசியக் கவிக்கு அதைவிடப் பொருத்தமான நாள் வேண்டுமா என்ன? செர்வாண்டிஸ் விஷயம் வேறு. அவர் மாட்ரிடில் இறந்தது 1616 ஏப்ரல் 22. அடக்கம் செய்யப்பட்டது 23. பதிவேட்டில் எழுதப்பட்ட அடக்கத் தேதி காலப்போக்கில் மரணத் தேதி ஆகிவிட்டது. அதை விட்டுக்கொடுத்தாலும்கூட இருவரும் ஒரே நாளில் இறந்தார்கள் என்று சொல்ல வழியில்லை. ஸ்பெயின் 1582-லேயே போப் கிரிகோரியின் திருத்திய நாட்காட்டிக்கு மாறிவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. புராட்டஸ்டன்ட் இங்கிலாந்து போப்பின் கணக்கை ஏற்காமல் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தது. 1616-இல் இரண்டுக்கும் இடையே பத்து நாள் இடைவெளி. ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் கண்மூடிய ஏப்ரல் 23, மாட்ரிடில் மே 3. செர்வாண்டிஸ் மண்ணுக்குள் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. உலகின் இரு பெரும் எழுத்தாளர்கள் ஒரே நாளில் மறைந்தார்கள் என்று ஆண்டுதோறும் அச்சாகும் வரி, இரண்டு நாடுகளின் காலண்டர் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியதால் வந்த தோற்றம்.

இந்தப் பத்து நாள் இடைவெளியை ஐரோப்பாவின் பழைய தகராறு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அது சென்னைக் கடற்கரைக்கே வந்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை புனித ஜார்ஜின் நாளில் முடிந்ததால் அவர் பெயரைப் பெற்றது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. ஆண்டை 1640 என்றும் 1644 என்றும் இருவிதமாகத் தருகிறார்கள். கோட்டையின் எந்தப் பகுதி முடிந்ததைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. எந்த ஆண்டானாலும், கம்பெனிக்காரர்கள் எழுதிய தேதி ஜூலியன் தேதி. அதே காலத்தில் தெற்கே சில மைல் தள்ளிச் சாந்தோமில் போர்த்துக்கீசியர் இருந்தார்கள்; போர்ச்சுகல் 1582-லேயே கிரிகோரியன் கணக்குக்கு மாறியிருந்தது. ஆக, கோட்டைக்குள் ஏப்ரல் 23 என்று கணக்கெழுதிய அதே காலை, சாந்தோமில் மே 3. ஒரே கடற்கரை, ஒரே வெயில், நடந்து போகிற தூரம், இரண்டு தேதிகள். சென்னை தினமாக 2004 முதல் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 22-ம் இதே வகை. 1639-இன் அந்தத் தேதி இன்றைய கணக்கில் செப்டம்பர் 1. அந்தக் கொண்டாட்டத்தை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘இதே நாளில்’ என்ற சொற்களை அச்சுக்கு அனுப்பும்போது எந்தக் கணக்கின்படி என்பது எழுதுகிறவனுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

நாட்காட்டி எல்லோருக்கும் ஒன்றானபிறகு இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். தீரவில்லை, நேர மண்டலத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. யூடியூப்பின் முதல் வீடியோ, விலங்குக் காட்சி சாலையில் யானைகள் முன் நின்று ஜாவேத் கரீம் பேசும் 19 விநாடிகள், கலிஃபோர்னியாவில் ஏப்ரல் 23 இரவு எட்டு மணிக்கு மேல் ஏற்றப்பட்டது. நமக்கு அப்போது ஏப்ரல் 24 காலை. நிலவில் மனிதன் இறங்கியதை ஜூலை 20-இல் போடுகிறோம். ஈகிள் கலம் நிலவைத் தொட்டபோது இந்திய நேரம் ஜூலை 21 அதிகாலை 1.47. எந்தத் தேதி சரி என்று கேட்டால் இரண்டும் சரிதான். எந்த ஊர் நேரம் என்று சொல்லாமல் விட்டால்தான் தவறாகிறது. எழுத்தாளர் விளதீமிர் நபக்கோவ் கதை இன்னும் நுட்பமானது. அவர் பீட்டர்ஸ்பர்க்கில் பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1899 ஏப்ரல் 10-இல் பிறந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வித்தியாசம் 12 நாள் என்பதால் புதிய கணக்கில் அது ஏப்ரல் 22. 1900-க்குப் பிறகு வித்தியாசம் 13 நாளாக வளர்ந்துவிட, பிறந்த நாளும் ஒரு நாள் நகர்ந்து 23 ஆனது. அவரும் அப்படியே கொண்டாடினார், அதைத் தன் நினைவுக் குறிப்பில் விளக்கியும் இருக்கிறார். புத்தக தினத்துக்கு ஏப்ரல் 23 ஏன் என்று யுனெஸ்கோ தரும் விளக்கத்தில் நபக்கோவ் பெயரும் உண்டு. ஷேக்ஸ்பியர், செர்வாண்டிஸ், நபக்கோவ் மூவருமே அந்த நாளில் நிற்பது பதிவேடுகள், நாட்காட்டிகளின் உதவியால்தான்.

இதற்கு நேர் எதிராக, சிரித்துவிட்டுக் கடந்துபோகும் பியர் தினத்தைப் பாருங்கள். 1516 ஏப்ரல் 23 அன்று இங்கோல்ஷ்டாட் நகரில் பவேரியாவின் கோமகன்கள் இருவர், நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லுட்விக்கும், ஓர் ஆணை பிறப்பித்தார்கள். பியருக்கு பார்லி, ஹாப்ஸ் பூ, தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. ஈஸ்ட் அதில் இல்லை. அந்த ஆணை விலையையும் கட்டியது: புனித ஜார்ஜ் திருநாள்வரை ஒரு விலை, அதன்பின் ஒரு விலை. ஜெர்மானிய பியர் தயாரிப்பாளர்கள் 1994 முதல் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். வியாபார நோக்கம் வெளிப்படை. ஆனால் ஆவணம் இருக்கிறது, ஊர் இருக்கிறது, பிறப்பித்தவர் பெயர் இருக்கிறது, தொடங்கிய ஆண்டு இருக்கிறது. பழைய கணக்கு என்ற ஒரு குறிப்பு போதும். விநோத தினங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வகை நேர்மை உண்டு: அவை தங்களை வரலாறு என்று சொல்லிக்கொள்வதில்லை. ‘கடற்கொள்ளையர் போலப் பேசும் தினம்’ என்று செப்டம்பர் 19-இல் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து நண்பர்கள் ஜான் பாரும் மார்க் சம்மர்ஸும் 1995-இல் விளையாட்டாகத் தொடங்கியது. ஏன் 19? அவர்களில் ஒருவருடைய முன்னாள் மனைவியின் பிறந்த நாள், அதனால் மறக்காது. 2002-இல் நகைச்சுவை எழுத்தாளர் டேவ் பாரி தன் பத்தியில் எழுதியபின் உலகம் முழுக்கப் பரவியது. செர்வாண்டிஸ் இறந்த நாளைவிட இந்தத் தேதிக்கு ஆதாரம் உறுதியானது.

விநோதம் என்று தொடங்கியது விநோதமாகவே நின்றுவிடுவதும் இல்லை. சிங்கப்பூரின் ஜாக் சிம் 2001 நவம்பர் 19 அன்று உலகக் கழிப்பறை அமைப்பைத் தொடங்கி, அந்த நாளையே உலகக் கழிப்பறை தினம் என்றார். பெயரைக் கேட்டுச் சிரிப்பு வரத்தான் செய்யும். அந்தச் சிரிப்பையே அவர் கருவியாக்கினார். பேசக் கூச்சப்படும் விஷயத்தைப் பேச வைத்தது அது. 2013-இல் சிங்கப்பூர் கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று ஐ.நா. பொதுச் சபை அதை அதிகாரபூர்வ தினமாக்கியது. சான் ஃபிரான்சிஸ்கோவின் எக்ஸ்புளோரடோரியம் அருங்காட்சியகத்தில் லாரி ஷா 1988-இல் தொடங்கிய பை (π) தினமும் அப்படியே. மாதத்தை முன்னும் தேதியைப் பின்னும் எழுதும் அமெரிக்க வழக்கத்தில் 3/14 என்று எழுதினால் பையின் மதிப்பின் முதல் இலக்கங்கள் வருகின்றன. அதனால் மார்ச் 14. தேதியை முதலில் எழுதும் நமக்கு அது பொருந்தாது. 22/7 என்று பள்ளியில் படித்த நமக்கு ஜூலை 22 பொருத்தமாக இருக்கும். அன்றும் கொண்டாடுகிறவர்கள் உண்டு. ஆனாலும் யுனெஸ்கோ 2019-இல் சர்வதேசக் கணித நாளாக மார்ச் 14-ஐ அறிவித்துவிட்டது. எனவே ‘இது வெறும் விளையாட்டு, அது வரலாறு’ என்று முன்கூட்டியே இரண்டு கூடையில் பிரித்துவைப்பது இந்த வேலைக்கு உதவாது.

என் விதிக்கு வரும் முதல் மறுப்பு கனமானது. தினம் என்பதே ஓர் அடையாளம்தானே, புத்தகத்தைக் கொண்டாட ஒரு நாள் வேண்டும், அந்த நாளில் ஷேக்ஸ்பியர் உண்மையில் இறந்தாரா என்று தோண்டுவதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பார்கள். அடையாளத்துக்கு நான் எதிரி இல்லை. நம் வீடுகளில் பிறந்த நாள் நட்சத்திரப்படி, திதி கொடுப்பது திதிப்படி, வேலைக்கான பிறந்த தேதி பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் போட்டுக்கொண்டபடி. ஒரே மனிதருக்கு மூன்று நாட்கள் இருந்தாலும் குடும்பத்தில் குழப்பம் வருவதில்லை, ஏனென்றால் எது எந்தக் கணக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். தினசரி காலண்டரின் ஒரு தாளைக் கிழித்துப் பார்த்தால் போதும்: பெரிய எழுத்தில் ஏப்ரல் 23, பக்கத்தில் சித்திரை 10, ஹிஜ்ரி தேதி, திதி இத்தனை நாழிகை வரை, அதன்பின் அடுத்த திதி. விடியற்காலை மூன்று மணிக்கு ஆங்கிலத் தேதி மாறியிருக்கும். பஞ்சாங்கத்தின் கிழமை சூரியன் உதித்தால்தான் மாறும். இத்தனை கணக்குகளை ஒரே தாளில் பெயர் சொல்லி அச்சிடும் பழக்கம் உள்ளவர்கள் நாம். பத்திரிகைப் பெட்டியிலும் அந்த ஒழுங்கைத்தான் கேட்கிறேன். தவிர, அடையாளத்தின் உண்மையான கதை பொய்யைவிடச் சுவையானது. புத்தக தினத்தை முதலில் கேட்டவர் பார்சிலோனாவில் தொழில் நடத்திய வலென்சியப் பதிப்பாளர் விசென்ட் கிளாவல். ஸ்பெயினில் 1926-இல் தொடங்கியபோது அது அக்டோபர் 7, செர்வாண்டிஸ் பிறந்ததாகக் கருதப்பட்ட நாள். 1930-இல் ஏப்ரல் 23-க்கு மாறியது. கத்தலோனியாவில் அன்று புனித ஜார்ஜ் திருநாள். ரோஜா கொடுக்கும் பழைய வழக்கத்தோடு புத்தகம் கொடுப்பதும் சேர்ந்தது. 1995-இல் யுனெஸ்கோ அதை உலகுக்கு எடுத்துக்கொண்டது. ஷேக்ஸ்பியரின் சொந்த நாடான பிரிட்டனோ, ஈஸ்டர் விடுமுறையோடு மோதும் என்று, பள்ளிகளில் புத்தக தினத்தை மார்ச் மாத முதல் வியாழக்கிழமை கொண்டாடுகிறது. ஒரு பதிப்பாளரின் யோசனை, ஒரு ஊரின் ரோஜாத் திருவிழா, ஒரு சர்வதேச அமைப்பின் தீர்மானம்: இந்த மூன்றும் சேர்ந்து பிறந்த தினம் இது. நம் ஊர்ப் பதிப்பகங்கள் அன்று தள்ளுபடி விலையில் புத்தகம் விற்பது அந்தப் பதிப்பாளரின் யோசனைக்குக் கிடைத்த வெற்றி. இரு மேதைகள் ஒரே நாளில் இறந்தார்கள் என்ற வரி இதையெல்லாம் மறைத்துவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது. துயரமும் தியாகமும் நிறைந்த நிகழ்வுகளுக்குப் பக்கத்தில் பிக்னிக்கையும் பியரையும் போடுவது அவமரியாதை, விநோதங்களை மொத்தமாக விட்டுவிடுங்கள் என்பார்கள். இந்த வருத்தம் எனக்கும் உண்டு. 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா குவானி பஜாரில், கான் அப்துல் கஃபார் கானின் கைதை எதிர்த்து ஆயுதமின்றித் திரண்டவர்கள் மீது பிரிட்டிஷ் படை சுட்டது. இறந்தவர் எண்ணிக்கையில் அரசுத் தரப்புக்கும் மக்கள் தரப்புக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தது. கார்வால் ரைஃபிள்ஸ் படைப்பிரிவின் சந்திர சிங் கார்வாலியும் அவருடைய வீரர்களும் நிராயுதபாணிகள் மீது சுட மறுத்தார்கள். ராணுவ நீதிமன்றத்தில் நீண்ட சிறைத் தண்டனை பெற்றார்கள். மக்கள் முஸ்லிம் பட்டாணியர், சுட மறுத்தவர்கள் இந்துக் கார்வாலிகள். இப்படி ஒரு நிகழ்வுக்கு மேலும் கீழும் பிக்னிக் தினமும் குளிர்பானமும் வந்தால் படிக்கிறவர் மனத்தில் எல்லாம் ஒரே எடையாகிவிடுகிறது. ஆனால் குற்றம் விநோத தினத்தின்மேல் இல்லை. எல்லாவற்றையும் ஒரே அளவு எழுத்தில், ஒரே நீளத்தில், ஆண்டு வரிசையில் அடுக்கும் வழக்கத்தின்மேல் இருக்கிறது. பெட்டிக்குள்ளும் முதல் வரி, கடைசி வரி என்று உண்டு. தடித்த எழுத்து உண்டு. ஒன்றுக்கு இரண்டு வரி கொடுக்கலாம். அதைவிட முக்கியமான ஒன்று: ஒரே தேதி என்பது வேறு, ஒரே ஆண்டின் ஒரே நாள் என்பது வேறு. பெஷாவரில் துப்பாக்கி வெடித்த அந்த நாளில், ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து புறப்பட்ட ராஜாஜியின் உப்பு யாத்திரை தஞ்சை மாவட்டத்து வழிகளில் வேதாரண்யம் நோக்கி நடந்துகொண்டிருந்தது. ஒரே போராட்டத்தின் இரு முனைகள். இரண்டையும் ஒரே அறப்போர் கட்டியிருந்தது. இந்த உறவு உண்மையானது, காரணகாரியம் உடையது. பெஷாவருக்கும் பிக்னிக்குக்கும் இடையே உள்ளது எண் ஒற்றுமை மட்டும். பெஷாவர் வரியின் பக்கத்தில் வேதாரண்யத்தைப் போட்டால் வாசகர் வரலாற்றைப் படிக்கிறார். பிக்னிக்கைப் போட்டால் காலண்டரைப் படிக்கிறார்.

அந்தப் பிக்னிக் தினத்துக்கு யார் எப்போது நாள் குறித்தார்கள் என்பதற்குச் சொல்லத்தக்க ஆதாரம் என் பார்வைக்கு வரவில்லை. இது போன்றவை அமெரிக்கப் பட்டியல்களில் ஏராளம். அங்கே இதற்கென்றே தொகுப்புகள் உண்டு. மிச்சிகன் மாநிலம் ஃபிளின்ட் நகரில் பத்திரிகை நூலகராக இருந்த வில்லியம் சேஸ், தன் சகோதரருடன் சேர்ந்து 1957-இல் தொடங்கிய ‘சேஸ் காலண்டர்’ அவற்றில் முன்னோடி. எந்த அமைப்பும் தன் தினத்தை அனுப்பி அதில் பதிவுக்குக் கேட்கலாம். அது ஒளிவுமறைவற்ற ஏற்பாடு. அனுப்பியவர் யார் என்பது அங்கே தெரியும். அந்தப் பெயர் உதிர்ந்துபோய், ‘இன்று தேசிய பிக்னிக் தினம்’ என்று, யாருடைய தேசம் என்பதுகூட இல்லாமல் தமிழில் வந்து இறங்கும்போதுதான் கேடு தொடங்குகிறது. படிக்கிற பிள்ளை இதை நம் அரசு அறிவித்தது என்றே எடுத்துக்கொள்ளும்.

கடைசி மறுப்பு டெஸ்க்கிலிருந்தே வருவது: இடம் எங்கே இருக்கிறது? பெட்டி ஆறு வரி. ஒவ்வொரு தேதிக்கும் பூர்வீகம் சொல்லிக்கொண்டிருந்தால் மூன்று நிகழ்வுக்கு மேல் ஏறாது. மூன்று ஏறினால் போதும் என்பது என் கருத்து, ஆனால் உண்மையில் அவ்வளவு குறையாது. ‘கலிஃபோர்னிய நேரப்படி’ என்பது இரண்டு சொல். ‘பழைய நாட்காட்டியில்’ என்பது இரண்டு சொல். ஏப்ரல் 23-க்கு நான் தரும் பெட்டி இப்படி இருக்கும்: முதலில் பெஷாவர், கூடவே வேதாரண்யம் யாத்திரை வழியில் இருந்தது என்ற குறிப்பு. அடுத்து, கல்கத்தாவில் சத்யஜித் ரே மறைவு. பிறகு புத்தக தினம், ஸ்பெயினில் 1930 முதல், உலகுக்கு 1995 முதல். ஷேக்ஸ்பியர் மறைந்த ஆங்கிலேயத் தேதியும் அதுவே என்ற குறிப்போடு, செர்வாண்டிஸ் பெயர் இல்லாமல். நான்காவது, கோட்டைக்குப் பெயர் தந்த புனித ஜார்ஜ் திருநாள். ஐந்தாவது, யூடியூப்பின் முதல் வீடியோ, எந்த ஊர் நேரம் என்பதோடு. பவேரிய ஆணைக்குத் தகுதி உண்டு. அது அடுத்த ஆண்டுக்கு. ஆறாவது வரிக்குப் பிக்னிக் தினம் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிறது. அதைக் குறித்தவர் பெயரையும் ஆண்டையும் யாராவது ஆதாரத்தோடு கொண்டுவந்தால் இடம் கொடுக்கத் தடையில்லை. அதுவரை அந்த வரியில் எஸ்.ஜானகி இருக்கட்டும்.